கவிழ்ந்த யானை

சகாதேவனைத் தோற்கடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஜியாவுல்லாவின் ஆசை என்றால் அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவனுக்கு அது போதாது. அந்த ஆள் தோற்க வேண்டும், கெஞ்ச வேண்டும், சதுரங்கக் கூடமே அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில், ஒரே மேசையில். இந்த மூன்றையும் பதினோரு வருடமாக நெஞ்சுக்குள் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தான்.

இதற்கு விதை 1975இல் விழுந்தது. திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு லாட்ஜின் மாடியில் சதுரங்கக் கழகம் இருந்தது. அதற்குச் செயலாளர் சகாதேவன். கழகச் சாவி அவர் இடுப்பில், ஆட்டச் சட்டப் புத்தகம் அவர் பெட்டியில். அந்த வருடம் நகரப் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜியாவுல்லாவின் அண்ணன் நசீருதீன். மெத்தை தைத்து விற்கிறவர். கடைவீதியில் அவரை ஜெயித்தவன் கிடையாது.

ஆனால் கடைவீதியில் ஆடியது நாட்டு ஆட்டம். அதில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை, குதிரை மாதிரி தாண்டிப் போகலாம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். போட்டியின் முந்தைய சுற்றுகளிலும் ராஜாக்கள் தாண்டிக்கொண்டுதான் இருந்தன, சகாதேவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைசி ஆட்டத்தில், ஜெயிக்கிற நிலையில், நசீருதீன் தன் ராஜாவைத் தாண்ட வைத்தார். சகாதேவன் பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார்.

"ராஜா தாண்டாது பாய். ஆனா தொட்டுட்டீங்க. தொட்ட காயை ஆடணும்."

ராஜா போகக்கூடிய கட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே போனால் அடுத்த நகர்த்தலில் சாவு.

"ஊர் வழக்கம் சார். இந்த ஒரு வாட்டி விடுங்க," என்றார் நசீருதீன். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனுஷர்.

"வழக்கத்தை எல்லாம் வீட்டோட வச்சிக்குங்க. சட்டம்னா சட்டம்," என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, "குதிரை ராஜா," என்றார் சகாதேவன்.

கூடம் சிரித்தது. கழகத்தில் எப்போதும் ஜன்னலோரம் நிற்கும் அர்ஜுனன் தொடையில் தட்டிச் சிரித்தான். சுவரில் சாய்ந்து நின்ற ஜியாவுல்லாவும் சிரித்தான். ஆமாம், சொந்தத் தம்பிதான். இருபது வயது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டான். பாதியில் சுதாரித்து வாயை மூடிக்கொண்டான். அண்ணன் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கவனித்திருக்க மாட்டார் என்று அன்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருகிறான்.

நசீருதீன் அதற்குப் பிறகு காயைத் தொடவில்லை. மெத்தை வாங்க வருகிறவன்கூட "குதிரை ராஜா கடை எது?" என்று விசாரித்துக்கொண்டு வந்தான்.

ஜியாவுல்லா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். பகலில் துணி வெட்டினான், சாயங்காலம் கழகத்துக்குப் போனான். இங்கிலீஷ் சட்டப் புத்தகம் ஒன்றை வேலூரில் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தான். சகாதேவனுக்கு வணக்கம் சொன்னான், டீ வாங்கிக் கொடுத்தான், அவரிடம் வேண்டுமென்றே சில ஆட்டங்கள் தோற்கவும் செய்தான். தம்பி தங்கமானவன் என்று சகாதேவன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கழகத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதை உண்டாக்கியவரே சகாதேவன். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால் மந்திரி ஆகலாம். பலகையிலேயே பெரிய பலம் மந்திரிக்குத்தான், நேரேயும் போகும், குறுக்கேயும் போகும். யானை நேரே மட்டும்தான். வெட்டுப்பட்ட மந்திரியைத் தேடி எடுக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு, வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து இதுதான் மந்திரி என்று ஆரம்பித்து வைத்தார். ஊரே அப்படிச் செய்தது. ஜியாவுல்லாவின் புத்தகத்தில் கவிழ்ந்த யானையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

1986இல் பட்டத்துக்காகச் சகாதேவனோடு மோதும் உரிமை ஜியாவுல்லாவுக்குக் கிடைத்தது. ஆறு ஆட்டம். தன் பட்டத்துக்கு ஒரு கெத்து இருக்கட்டும் என்று சகாதேவனே மெட்ராசிலிருந்து நடுவரை வரவழைத்தார். முருகையன் என்ற அந்த நடுவர் காய்களையும் இரட்டை முகக் கடிகாரத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஆளுக்கு இரண்டரை. ஆறாவது டிரா ஆனால் பட்டம் சகாதேவனிடமே தங்கும். ஜியாவுல்லாவுக்கு வெற்றியைத் தவிர வேறு வழியில்லை.

"வர்றீங்களா பாய்ஜான்?" என்று காலையில் அண்ணனிடம் கேட்டான்.

"ஜாஸ்தி வேலை கெடக்கு," என்றார் நசீருதீன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஜியாவுல்லா கறுப்பு. டிராவே போதும் என்று சகாதேவன் காய்களை ராஜாவைச் சுற்றி மூட்டைகட்டி வைத்தார். ஜியாவுல்லா ஒரு சிப்பாயைச் சும்மா கொடுத்து அந்தக் கட்டை அவிழ்த்தான். நன்றாகத்தான் போனது, இருபத்தேழாவது நகர்த்தல் வரை. அங்கே அவசரப்பட்டான். ஒரு செக்குக்கு ஆசைப்பட்டு மந்திரிக்கு மந்திரி வெட்டிக்கொண்டான், கூடவே ஆளுக்கு ஒரு யானையும் போனது. பலகை காலியானதும் அவன் கொடுத்த சிப்பாயின் அருமை தெரிந்தது. சகாதேவனின் சிப்பாய் ஒன்று தடுக்க ஆளில்லாமல் கிடுகிடுவென்று மேலே ஏறியது.

தோற்கப் போகிறோம் என்று ஜியாவுல்லாவுக்குப் புரிந்தது. பதினோரு வருடம் வணக்கம் போட்டதும் டீ வாங்கிக் கொடுத்ததும் இதற்குத்தானா என்று தோன்றியது. அப்போதுதான் தன் இடது கையைக் கவனித்தான். வெட்டிய வெள்ளை மந்திரியை அப்போதிலிருந்தே உள்ளங்கைக்குள் வைத்திருந்தான். கையில் எதையாவது பிடித்துக்கொண்டு யோசிப்பது அவன் பழக்கம், கடையில் சாக்பீஸ், இங்கே காய்.

அந்தக் கையை மெதுவாக மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் சிப்பாயைத் தடுக்கப் பார்க்கவில்லை. சகாதேவனின் கடிகாரத்தைத்தான் பார்த்தான். சிவப்புக் கொடி தூக்கிக்கொண்டு நின்றது, அது விழுந்தால் நேரம் முடிந்து தோல்வி, விழ இரண்டு நிமிடம் இருக்கலாம். சகாதேவன் சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினார். பக்கத்தில் கிடந்த காய்களில் மந்திரியைத் தேடினார். காணோம். வெட்டுப்பட்ட வெள்ளை யானையை எடுத்தார், கவிழ்த்து வைத்தார், கடிகாரத்தைத் தட்டினார். பத்து வருடமாகச் செய்கிற வேலை, யோசிக்க என்ன இருக்கிறது?

ஜியாவுல்லா தன் யானையை எடுத்து அந்தக் கட்டத்தின் குறுக்கு வழியில் கொண்டுபோய் வைத்தான். "செக்."

பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மந்திரி குறுக்கே வந்து வெட்டிவிடுமே, பையன் பதறிவிட்டான் என்று நினைத்தார்கள். சகாதேவனும் அதைத்தான் நினைத்தார். கவிழ்ந்த யானையைத் தூக்கிக் குறுக்கே நகர்த்தினார்.

"யானை குறுக்க போவாது சார்," என்றான் ஜியாவுல்லா.

முருகையன் எழுந்து வந்து கடிகாரத்தை நிறுத்தினார். காயைக் கையில் எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். "யானைதானே இது? கவுத்து வச்சாலும் யானைதான். தொட்டுட்டீங்க, இதைத்தான் ஆடணும்."

யானையாக அது செய்யக்கூடியது ஒன்றுதான். ராஜாவுக்கு முன்னால் போய் நின்று செக்கைத் தடுக்கலாம். அடுத்த நகர்த்தலில் அதையும் வெட்டினால் ராஜாவுக்குப் போக இடமில்லை. கூடத்தில் எல்லோருக்கும் அது தெரிந்தது.

சகாதேவன் நடுவர் பக்கம் திரும்பினார். "இது எங்க ஊர் வழக்கம் சார். கவுத்து வச்சா மந்திரி. யாரை வேணா கேளுங்க."

முருகையன் யோசித்தார். "எனக்குத் தெரியாது. எதிராளி ஒத்துக்கிட்டா நான் விட்டுடறேன்."

சகாதேவன் ஜியாவுல்லாவைப் பார்த்தார். "தம்பி. இந்த ஒரு வாட்டி விடுப்பா."

அதே வார்த்தை. கேட்டதும் ஜியாவுல்லாவுக்கு உடம்பெல்லாம் தித்தித்தது.

"வழக்கத்தை எல்லாம் வீட்டோட வச்சிக்குங்க சார். சட்டம்னா சட்டம்."

சகாதேவனுக்குப் புரிந்துவிட்டது. யானையை ராஜா முன்னால் வைத்தார். ஜியாவுல்லா வெட்டினான். ஜன்னலோரத்திலிருந்து அர்ஜுனன், "கவுந்த யானை," என்றான். அவ்வளவுதான், கூடம் பொத்துக்கொண்டு சிரித்தது. ஜியாவுல்லா இடது கையை மேசைமேல் வைத்து விரித்தான். உள்ளங்கை வேர்வையில் வெள்ளை மந்திரி கிடந்தது.

"இது உங்களுது சார்," என்று அவர் முன்னால் நிறுத்தினான்.

சகாதேவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் மாதிரி ஆகிவிட்டார். கொஞ்சமும் இரக்கம் வரவில்லை என்பதில் ஜியாவுல்லாவுக்குத் திருப்தி.

பரிசுக் கோப்பையோடு நேரே மெத்தைக் கடைக்குப் போனான். நசீருதீன் முழங்காலிட்டு மெத்தைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தாடியெல்லாம் பஞ்சு. ஜியாவுல்லா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னான், கையில் ஒளித்ததையும் சேர்த்து. அவர் தைத்துக்கொண்டே கேட்டார்.

"கெஞ்சினானா?"

"கெஞ்சினாரு பாய்ஜான். நீங்க கேட்ட மாதிரியே."

"சிரிச்சாங்களா?"

"எல்லாரும்."

"நீ?"

"நான் சிரிக்கல."

நசீருதீன் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். "அன்னிக்கு சிரிச்சே," என்றார்.

ஜியாவுல்லாவுக்குக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, பஞ்சு மூட்டைமேல் வைத்தான்.

"ஆமா," என்றான். "சிரிச்சேன் பாய்ஜான்."

அவர் ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்திவிட்டுத் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை, பதினோரு வருட அசதியோடு.

"இதைச் சொல்றதுக்கு எதுக்குடா அந்தாளை ஜெயிக்கணும்?" என்றார்.