பலகையில் ஒரு காலி ஆணி

துடைத்த ஸ்பேனரைப் பலகையில் மாட்டும்போதுதான் அவள் அந்த ஆணியைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

பட்டறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவம், வெள்ளை பெயிண்டில். எல்லாம் அண்ணனின் ஏற்பாடு. வீட்டில் தன் சட்டை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. இங்கே கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துத் தருவான்.

காலி ஆணிக்குப் பின்னால் கட்டைவிரல் அளவு உருவம். சிவப்புத் தலை போல்ட்டின் இடம்.

அந்த போல்ட்டால் எதையும் முடுக்குவதில்லை. டர்போ வைத்த காரில் காற்றுக் கசிவு பார்க்கும்போது ஒரு மெல்லிய ரப்பர் குழாயை உருவி, அதன் வாயை இதால் அடைப்பார்கள். சோதனை முடிந்ததும் போல்ட்டைப் பிடுங்கிவிட்டுக் குழாயைத் திரும்ப மாட்டவேண்டும். முன்பு அதில் ஒரு துணி வால் கட்டியிருந்தது. பானெட்டுக்கு வெளியே தொங்கும், மறக்க முடியாது. போன மாதம் எண்ணெயில் ஊறிக் கிழிந்துபோனது. வேறு கட்டவில்லை.

"அண்ணா, சிவப்புத் தலை எங்க?"

அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தான். "ஆணியில இருக்கும்."

"இல்ல."

நுரைக் கையோடு சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். மறுபடி சட்டைப் பை.

"பேக்கரிக்காரர் வண்டி," என்றான். தண்ணீர்க் குழாயை மூடாமலே வந்தான். "கசியற மாதிரி சத்தம் கேட்டுது. அடைச்சுப் பாத்தேன். அதுக்குள்ள அவர் வந்து, அத்தைக்கு நாலு மணிக்கு ரயிலு, எடு எடுன்னு நின்னாரு. ஒரு கிளிப்பை முடுக்கி பானெட்டை மூடிட்டேன்."

டர்போவைச் சுழற்றும் புகைப் பாதையில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்றழுத்தம் ஏறினால் அந்த மெல்லிய குழாய்தான் கதவுக்குச் சேதி சொல்லும். கதவு திறக்கும், அழுத்தம் அடங்கும். சேதி போகாவிட்டால் கதவு திறக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், என்ஜின் உடையும்வரை. மெதுவாக ஓட்டினால் எதுவுமே தெரியாது. அழுத்தி மிதித்தால்தான்.

"பயப்படாத," என்றான் அண்ணன். "உன் வேலி இருக்குல்ல. அழுத்தம் எல்லை தாண்டினா கம்ப்யூட்டரு பெட்ரோலை வெட்டிடும்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். காலையில் காரை நின்ற இடத்திலேயே உருளைகள்மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது, ஓட்டம் நடுவில் அறுந்துபோகாமல் இருக்க அந்த எல்லையை அவளே தூக்கிவைத்தாள். ஓட்டம் முடிந்ததும் இறக்கவேண்டும். கடைசியாகச் சேமித்த கோப்பில் எல்லை மேலேயே இருந்தது.

அவன் மறந்தால் அவளுடைய வேலி காக்கும். அவள் மறந்தால் அவனுடைய கதவு காக்கும். ஆறு வருடமாக அந்தத் தைரியத்தில்தான் இரண்டு பேரும் தூங்கினார்கள். ஒரே நாளில் இரண்டு பேரும் மறப்பார்கள் என்று யார் கண்டது?

"வண்டியை எடு," என்றாள்.

மணி மூன்று ஐம்பது. அண்ணன் வேனை விரட்டினான். அவள் பேக்கரிக்காரருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். இந்தமுறை எடுத்தது ஒரு பெண்குரல்.

"யாரு?"

"பட்டறையிலேருந்து பேசறேங்க. சார்கிட்ட..."

"மாப்பிள்ளை வண்டி ஓட்டறாரு. ஓட்டும்போது எதுக்குப் போனுன்னு நான்தான் வாங்கிப் பையில வச்சேன். அப்புறம் பேசு."

வைத்துவிட்டாள்.

"யாரு?" என்றான் அண்ணன்.

"மாமியார்."

"நல்லதாப் போச்சு. அந்தம்மா பக்கத்துல இருக்கறவரை மனுஷன் முப்பதைத் தாண்டமாட்டாரு. காலையில விட வந்தப்பவே புலம்பினாரு. அத்தையை ரயில் ஏத்திட்டுத்தான் நெடுஞ்சாலையில ஒரு மிதி மிதிச்சுப் பாக்கணும்னாரு."

சொல்லி முடித்ததும்தான் தான் சொன்னது அவனுக்கு உறைத்தது. ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினான்.

மூன்றாவது அழைப்பை அந்த அம்மாள் எடுத்தபோது பின்னால் ஒலிபெருக்கி அலறியது.

"ஏம்மா, உன்கிட்ட அப்புறம்னு சொன்னேன்ல?"

"அம்மா, வச்சிடாதீங்க. வண்டியில ஒரு தப்பு நடந்துபோச்சு. சார் வேகமா ஓட்டக்கூடாது. போனை அவர்கிட்ட குடுங்க."

"அவரு என்னை இறக்கிவிட்டுட்டு உடனே போயிட்டாரே." ஒரு கணம் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. "ஐயோ. அவர் போனு என் பையிலயே வந்துடுச்சு."

போன் அவரிடம் இல்லை என்று அவள் அண்ணனுக்குக் கையால் சைகை காட்டினாள்.

"வேகமா ஓட்டினா என்னம்மா ஆகும்?"

"தெரியலம்மா," என்றாள். தெரியும். என்ஜின் உடைந்து, கொதிக்கும் எண்ணெய் சிதறி டயருக்குப் போகும். நூற்றைம்பது வேகத்தில் டயருக்கு எண்ணெய்.

நிலையம் போவதில் பயனில்லை. அண்ணன் நெடுஞ்சாலைக்குத் திருப்பினான். இனி யாரையும் அழைக்க முடியாது. சாலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைத் தவிர அவளுக்கு வேலையில்லை.

"மிதிக்கமாட்டாரு," என்றாள் திடீரென்று.

"என்ன?"

"போன் இல்லாம மிதிக்கமாட்டாரு. மீட்டரைப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பணும் அவருக்கு. படம் இல்லாம ஒரு தடவைகூட மிதிச்சதில்ல."

அண்ணன் சிரித்தேவிட்டான். நெற்றியைத் துடைத்தான். "அப்போ போனைத் தேடுவாரு. எங்க இருக்குன்னு ஞாபகம் வரும். திரும்பி..."

இருவரும் ஒரே சமயத்தில் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று ஐம்பத்தேழு. நாலு மணிக்கு ரயில் போனால் போனும் போய்விடும். அந்த மனிதர் இப்போது எப்படித் திரும்பிக்கொண்டிருப்பார்?

கண்ணுக்கு முன்னால் காது பிடித்தது. நடுத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தொலைவில், டர்போவின் சீழ்க்கை. அதை அமைத்தவளே அவள்தான். எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் நிற்கும் என்று மனப்பாடம். ஏறியது. நிற்க வேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. மேலே போனது. அவள் அமைக்காத சத்தம் அது. அவளுடைய கால் வேனின் தரையை, இல்லாத பிரேக்கை, அழுத்தியது.

காலை எடுங்க. எடுங்க.

கதவை அறைந்து சாத்தியதுபோல் ஒரு சத்தம். சீழ்க்கை அறுந்தது. வெள்ளைப் புகையை இழுத்துக்கொண்டு சாம்பல் நிறக் கார் அவர்களைக் கடந்தது. வால் ஒரு பக்கம் வீசியது, மறுபக்கம் வீசியது. தடுப்பில் உரசும் ஒலி நீளமாகக் கேட்டது.

வேன் நிற்பதற்குள் அவள் குதித்தாள். தடுப்பைத் தாண்டி, ஓரத்துக்கு வந்து நின்ற காரைப் பார்த்து ஓடினாள். புகையில் ஓட்டுநர் கதவு தெரியவில்லை. பிறகு அது திறந்தது. ஒரு கால் வெளியே வந்தது. இன்னொரு கால்.

பேக்கரிக்காரர் நிற்க முயன்று, முடியாமல் தரையில் உட்கார்ந்தார். உடம்பில் காயமில்லை.

"ரயிலு," என்றார். "என் போனு..."

அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். தீயணைப்பானைக் கையில் பிடித்தபடி பானெட்டைத் திறந்தான். தீ இல்லை. எண்ணெயும் ஆவியும்தான். அந்த மெல்லிய குழாய் ஓரமாகத் தொங்கியது. அதன் வாயில் சிவப்புத் தலை.

"அது என்ன?" என்றார் பேக்கரிக்காரர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தான்.

"எங்களோடது," என்றாள் அவள். "இவன் எடுக்க மறந்தான். அதைத் தடுக்க வேண்டியதை நான் மறந்தேன்."

அவர் தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய போன் அடித்தது. அவருடைய எண்.

"கடைசியா வந்த நம்பரை அமுக்கினேன்மா," என்றாள் அந்த அம்மாள். "மாப்பிள்ளையைப் பாத்தீங்களா? மெதுவாவே வரச் சொல்லு. நான் ரயில் ஏறல. போனை வச்சுக்கிட்டு இங்கயே உக்காந்திருக்கேன்."