நகர்ந்த பஞ்சு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சந்தேகமாகத்தான் வந்து சேர்ந்தது. என் அண்ணி மீன் காட்சியகத்தில் தொட்டிகளைச் சுத்தம் செய்கிறவர். பவளப்பாறைத் தொட்டியில் குட்டி மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உள்ளே கை விடுகிற ஆள் அவர் ஒருவர்தான். மேலாளருக்கு வேறென்ன தோன்றும்?

2

அண்ணி அவரிடம் சொன்னது இது:

"சார், பஞ்சு நகருது சார். நேத்து மூலையில இருந்துச்சு, இன்னைக்கு நடுவுல நிக்குது."

"துடைச்ச பஞ்ச உள்ளயே போட்டுட்டு வந்தா நகராம என்னம்மா பண்ணும்?"

அண்ணி சொன்னது பாறையில் ஒட்டி வளரும் கடற்பஞ்சை. அவர் நினைத்தது கைப்பஞ்சை. திருட்டோடு கவனக்குறைவும் சேர்ந்துகொண்டது. வேலை ஊசலாடுகிறது.

3

நான் எழுதிய முதல் வரி: 'பாறை இடுக்கில் ஒரு கண் மெல்லத் திறந்தது.'

(அடித்துவிட்டேன். மீனுக்கு இமை ஏது?)

நகர்ந்தது பஞ்சல்ல, தவளைமீன் என்று வைத்துக்கொண்டேன். அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நீந்தச் சோம்பேறி, துடுப்புகளைக் கால் போல ஊன்றி நடக்கும். கடற்பஞ்சுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் சில வாரங்களில் அதே நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் தூண்டில், அதன் நுனியில் புழு போல ஒரு சதைத் துணுக்கு. அதைத் தின்ன வருகிற மீன் போன இடம் தெரியாது. தன் அளவு மீனையே விழுங்கிவிடும். பாறையோடு பாறையாக ஒன்று தொட்டிக்குள் வந்திருக்கலாம்.

(இவ்வளவு கச்சிதமான குற்றவாளி கிடைத்தால் எனக்குக் கதை மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.)

4

முடிவு ஒன்று: மேலாளர் கண்ணாடியருகே குனிகிறார். பஞ்சு கொட்டாவி விடுகிறது.

தவளைமீன் நிஜமாகவே கொட்டாவி விடும். ஆனாலும் நம்புவீர்களா?

முடிவு இரண்டு: அண்ணியின் பையைத் திறந்தால், உள்ளே ஈரமாக ஒரு

5

அந்த அரை வரியை அண்ணி படித்துவிட்டார்.

"ஈரமா என்ன தம்பி?"

"சும்மா, கதைக்கு அண்ணி."

"அந்த சாருக்கு என்னையத் தெரியாது, சந்தேகப்படுறாரு. உனக்கென்ன?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்குத் தொட்டிய இறைக்கிறாங்க," என்றார். "மீனு இருந்தா அவரே நம்பிடுவாரு. இல்லன்னா, நீ நம்புவியா?"

பதிலை நான் இன்னும் எழுதவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். ஆனால் அண்ணி படிப்பார்.