கடன் தீர்ந்த விழா

காவிரிக்குத் தெற்கிலும் வடக்கிலும் வசிக்கும் சகல ஜனங்களின் மேலான கவனத்துக்கு: ஆனி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, திருச்சி காட்டூர் மூன்றாவது குறுக்குத் தெரு திருவாளர் பிச்சமுத்துவின் குடும்பம், கடன் என்னும் அரக்கனின் பிடியிலிருந்து பரிபூரண விடுதலை பெற்றது.

இந்த வாசகத்தைப் பிச்சமுத்துவே எழுதி, தெரு நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் சங்கத்தின் செயலாளர். அதற்கு முன் முப்பது வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். யாரோ ஓட்டுகிற பஸ் தன் விசிலால்தான் நகர்கிறது என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டிய உத்தியோகம். அவர் ஓய்வு பெற்றார். நம்பிக்கை ஓய்வு பெறவில்லை.

செய்தியில் ஒரு சின்ன விவரம் விட்டுப் போயிருந்தது. கடனை அடைத்தது அவருடைய மருமகள் யமுனா.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் மகள் வைஷ்ணவிக்குக் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் ஒரு பாயசம் போதும் என்றார்கள். பிச்சமுத்து மூன்று பாயசம் போட்டார். அந்த மூன்றாவது பாயசத்துக்கும் அதைச் சுற்றி நின்ற மற்ற மகத்துவங்களுக்கும் யமுனாவின் ஐந்து பவுன் பேங்குக்குப் போனது. ஒன்றரை லட்சம். "மூணே மாசம்மா, மீட்டுக் கையில கொடுத்துடறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் நகையைப் பற்றிப் பேசியதே இல்லை. பெரிய மனிதர்கள் கொடுத்த வாக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

யமுனாவின் கணவன் சித்தார்த் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். அவன் சம்பளம் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் அவன் அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சமிருப்பது யமுனாவின் பதிமூன்றாயிரம். தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில், மூன்றாவது மாடியில், சுடிதார் பிரிவில் அவள் நின்றாள். வேலை என்பதைவிட நின்றாள் என்பதுதான் சரி. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை. கடைப் பெண்கள் உட்காரலாம் என்று சட்டம் வந்து, சட்டத்துக்காக நான்கு ஸ்டூல்களும் வந்தன. அவற்றின் மேல் பொம்மைகளை ஏற்றி நைட்டி மாட்டி வைத்திருந்தார்கள்.

போன முறை அவளுக்குக் கர்ப்பம் ஐந்தாவது மாதத்தில் கலைந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் மட்டும் முப்பது துணியைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "கலர் எதுவும் எடுப்பா இல்லியே" என்று எழுந்து போனாள். அந்த முப்பதையும் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அடிவயிற்றில் அந்த வலி வந்தது. மடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள். அதை நினைத்தால் இப்போதும் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வரும். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நிக்கிற வேலையா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

இந்த முறை டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஏழு முடிந்ததும் வேலை கிடையாது, படுக்கை, இல்லையென்றால் உட்கார்ந்தபடி இரு. கடையில் லீவு கொடுப்பார்கள். லீவுக்குச் சம்பளம் கொடுக்க மாட்டார்கள். சம்பளம் நின்றால் நகைக்கடன் வட்டி யார் கட்டுவது? ஆகவே லீவு எடுக்க வேண்டுமானால் முதலில் கடன் தீர வேண்டும். யமுனாவின் கணக்கில் இது ஒன்றுதான் இருந்தது.

கடைப் பெண்களோடு போட்ட சீட்டை எடுத்தாள். இரண்டு வருஷ போனஸைத் தொடாமல் வைத்திருந்தாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு தனியார் பஸ்களை எல்லாம் போகவிட்டு, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வரும்வரை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்தாள். ஏழாவது மாதம் முடிகிற அந்தத் திங்கட்கிழமை கடைசிப் பணத்தைக் கட்டினாள். பேங்க்காரர் பையைப் பிரித்துக் கொட்டினார். ஆரம், இரண்டு வளையல், தோடு, மோதிரம். தன் நகையைப் பார்த்து அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்று மத்தியானம் கடைக்குப் போய் லீவுக் கடிதம் கொடுத்தாள். ஆறு மாதம். பக்கத்துக் கவுண்டர் ஆஃப்ரின் எட்டிப் பார்த்தாள்.

"ஆறு மாசமா? யக்கா, அவ்ளோ நாள் என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவேன்."

"அது சரி. அப்புறம்?"

"அப்புறமும் உக்காருவேன்."

ஆஃப்ரின் சிரித்தாள். யமுனா சிரிக்கவில்லை. அவள் கேலிக்குச் சொல்லவில்லை.

வளைகாப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. வீட்டிலேயே இருபது பேரை அழைத்து, ஐந்து வகைச் சாதம் கிளறி, வளையல் போட்டு, லால்குடிப் பக்கத்திலிருந்து வரும் அம்மா பொன்னுத்தாயோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று யமுனா நினைத்திருந்தாள். அவள் நினைத்ததை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

"ஸ்ரீரங்கத்துல மண்டபம் சொல்லிட்டேன்" என்றார் பிச்சமுத்து.

"எதுக்கு மாமா? வீட்டுலயே வச்சுக்கலாமே."

"வளைகாப்பு மட்டும்னா வீடு போதும்மா. இது கடன் தீர்ந்த விழாவும் சேர்த்து. நாலு பேருக்குத் தெரிய வேணாமா? ரெங்கநாதர் காலடியில நடக்கட்டும்."

"செலவு..."

"செலவைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? நான் இருக்கேன்ல?"

அவர் மனைவி அழகம்மாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அதாம்மா எல்லாருக்கும் கவலை."

மண்டப வாசலில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. கடனை வென்ற காட்டூர்ச் செம்மல் என்று பிச்சமுத்து கைகூப்பிக்கொண்டிருந்தார். கீழே ஓரமாக, தபால் தலை அளவில் யமுனா இருந்தாள். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது. பக்கத்தில் நின்ற சித்தார்த்தின் அரைத் தோளும் தப்பித்தவறி வந்திருந்தது.

உள்ளே பெண்கள் கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், நலங்கு வைத்தார்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறியது. நகைகள் கழுத்தில் கனமாகக் கிடந்தன. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரட்டுப் புரண்டது. வளையல் சத்தம் கேட்டிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக யமுனாவுக்கு எதையும் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து மைக் கீச்சென்று கத்தியது.

"பொம்பளைங்க விசேஷத்துல இந்த மனுசனுக்கு என்ன வேலை?" என்றாள் அழகம்மாள்.

பிச்சமுத்து பேசினார். ஒரு குடும்பத் தலைவனின் தொலைநோக்கு பற்றிப் பேசினார். சிக்கனம் பற்றி, அதற்கென்றே வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியில், இருபத்தைந்து நிமிஷம் பேசினார். பேங்க் கொடுத்த ரசீதை லேமினேட் செய்து கொண்டுவந்திருந்தார். அதைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். சங்கப் பொருளாளர் ரெங்கராஜ் மேடையேறி, பிச்சமுத்துவே வாங்கிக் கொடுத்திருந்த பொன்னாடையைப் பிச்சமுத்துவுக்கே போர்த்தினார். பெண்கள் கை தட்டினார்கள். பேச்சுக்கா, இலை போடுகிறார்கள் என்று சொன்னதற்கா என்பது சரியாகத் தெரியவில்லை. இருநூற்றைம்பது இலை. பாயசம் மூன்று.

சாப்பாடு முடிந்து யமுனா அம்மாவோடு கிளம்பும்போது அழகம்மாள் வந்தாள்.

"வாயும் வயிறுமா பஸ்ல போறே. இத்தனையும் போட்டுக்கிட்டா போவே? கழட்டிக் கொடும்மா, பீரோவுல வச்சிடறேன்."

நியாயமான பேச்சுதான். யமுனா ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். மொத்தம் நான்கு மணி நேரம் போட்டிருந்தாள்.

அம்மா வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். உட்காருவது அவளுக்குச் சுலபமாக வரவில்லை. கால் பழக்கத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நின்றுவிடும். "உக்காருடி" என்று பொன்னுத்தாய் அதட்டுவாள். மூன்றாம் நாள்தான் கணுக்கால் வீக்கம் வற்றி, எலும்பு கண்ணில் பட்டது. அம்மா பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்துப் பிள்ளைக்குத் துண்டாக்கினாள். யமுனா ஓரம் தைத்தாள். அன்று சாயங்காலம் போன் வந்தது.

"யமுனா, மாமா பேசறேன். நல்ல சேதி. நீ சந்தோஷப்படணும்."

"சொல்லுங்க மாமா."

"தங்கம் எங்க போயிருக்கு பார்த்தியா? நாம முன்ன வைக்கும்போது உன் நகைக்கு ஒன்றரை லட்சம்தான் கொடுத்தான். அதே நகை, அதே பேங்க். இன்னிக்கு ரெண்டே முக்கால் கொடுத்துட்டாம்மா! உக்கார்ந்த இடத்துல ஒன்னேகால் லட்சம் லாபம்."

யமுனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"நகையை வச்சுட்டீங்களா மாமா?"

"மண்டபம், சமையல், மைக்செட்டு, ஃப்ளெக்ஸு, எல்லாமா ஒன்னு பத்து ஆச்சு. வார்த்தை கொடுத்துட்டோம்ல, நிக்க வைக்க முடியுமா? மிச்சத்தைச் செலவு பண்ணிடுவேன்னு நினைக்காதே. துவாக்குடி தாண்டி ஒரு லேஅவுட்டுல பேரன் பேருக்கு பிளாட்டு, அட்வான்ஸ் போட்டாச்சு. பொறக்கறதுக்கு முன்னாடியே நிலச்சுவான்தார்! எந்த வீட்டுல நடக்கும் சொல்லு?"

"வட்டி யாரு மாமா கட்டுறது?"

கேள்வி அவரைப் புண்படுத்திவிட்டது.

"குடும்பம் கட்டும்மா" என்றார். "குடும்பம்னு ஒன்னு இருக்குல்ல?"

போன் சித்தார்த்திடம் போனது. அவன் தொண்டையைச் செருமினான்.

"நீங்களும் கூடப் போனீங்களா?"

"கையெழுத்து நாந்தான் போட்டேன். அப்பா பேரு ஏதோ பழைய கடன்ல மாட்டி இருக்காம், அவருக்குத் தர மாட்டேன்னுட்டான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"பிளாட் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்க."

"திருப்பித் தர மாட்டாங்களாம். தவணை வேற இருக்கு. மாசம் நாலாயிரம்." பிறகு, அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தோ என்னவோ, "பழைய கடன்ல வட்டி கொறச்சல்தான் இருந்துச்சு, பாவம்" என்றான். யாரைப் பாவம் என்றான் என்று அவள் கேட்கவில்லை.

போனை வைத்த பிறகு யமுனா தைத்துக்கொண்டிருந்த துண்டை முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நகையைக் கழட்டிக் கொடுக்கும்போதே எனக்குச் சொரேர்னுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சம்பந்தி வீட்டுல நான் எப்படிடி சொல்றது?"

அதுவும் நியாயமான பேச்சுதான். எல்லாரும் நியாயமாகவே பேசினார்கள். நியாயமாகவே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. யமுனா யார் மேலாவது கோபப்படலாமா என்று பார்த்தாள். மாமனாரை நினைத்தால் அந்தப் பொன்னாடையும் சின்னப் பிள்ளை மாதிரி பூரித்த முகமும்தான் வந்தன. அந்த மனிதர் உண்மையிலேயே லாபம் என்று நம்புகிறார். பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

இரண்டே முக்கால் லட்சத்துக்கு வட்டி, பிளாட்டுக்குத் தவணை, பிரசவச் செலவு. கூட்டிப் பார்க்க அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கடை மேனேஜருக்குப் போன் போட்டாள். லீவு இப்போதைக்கு வேண்டாம், வலி வருகிறவரை வருகிறேன், பிரசவத்துக்கு ஒரு மாதம் கொடுத்தால் போதும் என்றாள்.

"உன் இஷ்டம்மா" என்றார் மேனேஜர் பெருந்தன்மையோடு. "நம்ம கடை யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. சீசன் நேரம், ஆள் பத்தாமத்தான் இருக்கு."

பொன்னுத்தாய் துணிகளை மடித்து வைத்தாள். சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"போன தடவ மாதிரி..."

"அம்மா."

பிள்ளை உள்ளே ஒருக்களித்துப் படுத்தது. விலா ஓரத்தில் முழங்காலோ குதிகாலோ ஒன்று முட்டியது. அந்த இடத்தில் யமுனா கையை வைத்தாள். அப்படியே வைத்திருந்தாள்.

மறுநாள் ஆடித் தள்ளுபடி ஆரம்பம். யமுனா ஒன்பதரைக்கு வேலையில் இருந்தாள்.