சொல்யூஷன் போட்ட சுவர்

என் வீட்டுக்காரர் சத்தாருக்கு உலகத்தில் ஒட்டாத பொருளே கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆயுசு முழுக்க சோல் ஒட்டியவர். குடத்தில் ஓட்டையா, குக்கர் பிடி ஆடுகிறதா, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: சொல்யூஷன். அந்தப் பசை வாடையோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் தளர்ந்துபோன பிறகு, ஹாலை ஜிப்சம் போர்டால் தடுத்து ஓர் அறை ஆக்கினோம். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாத்ரூம். பிடித்துக்கொண்டு எழுந்திருக்க, மகன் நயீம் அந்தத் தடுப்பில் ஒரு ஸ்டீல் கைப்பிடி மாட்டினான். செங்கல் சுவருக்குச் செய்வதுபோலவே துளை போட்டு, பிளக் அடித்து, ஸ்க்ரூ முடுக்கினான். முதல் இழுப்பிலேயே கைப்பிடி பெயர்ந்து இவர் கையோடு வந்துவிட்டது. தடுப்பில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. நல்லவேளை, கட்டிலிலேயே விழுந்தார்.

நயீம் வேலைக்குப் போனதும் இவர் ஆரம்பித்துவிட்டார். ஓட்டையில் அட்டையைத் திணித்து, மேலே அகலமாகத் தோல் ஒட்டி, தோலின்மேல் கைப்பிடியை ஒட்டினார். எல்லாம் இடது கையால். அழுத்திப் பிடிக்க மட்டும் நான்.

"சோல புடிக்கிறது செவுர புடிக்காதா?" என்றார்.

எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் நோய் வந்ததிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு உற்சாகத்தைப் பார்த்ததில்லை. இன்னும் அழுத்திப் பிடித்தேன். மறுநாள் காலையில் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார், அதோடு தரையில் உட்கார்ந்தார்.

அடி பலமில்லை, மனிதர்தான் ஒடுங்கிவிட்டார். டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. தண்ணீரும் தொடவில்லை. உதடு வெடித்திருந்தது. யார்மேல் கோபம் என்று நான் கத்தினேன்.

"குடிச்சா போவணும். போவணும்னா ஒன்ன கூப்புடணும். முட்டி வலியோட நீ என்ன தூக்கி, உள்ளயும் வந்து நிக்கிற. பேஜாரா இருக்கு பக்ரு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு என்னிடம் என்ன வெட்கம்?

உடனே புகழேந்திக்கு போன் போட்டேன். அந்தத் தடுப்பைப் போட்ட ஆள், நாட்றம்பள்ளிக்காரர். வந்தவர் கீழே கிடந்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கப்போகிறாரோ என்று எனக்குப் பயம். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க ஒட்டுனதா பாய்? ஒட்டு உடவே இல்ல பாருங்க. போர்டு மேல இருக்கிற பேப்பர்தான் உரிஞ்சி தோலோட வந்துட்ச்சி."

சத்தார் சட்டென்று என்னைப் பார்த்தார். "நான் சொல்லல?"

என்ன சொன்னாராம்!

புகழேந்தி உடைந்த இடத்தைச் சதுரமாக அறுத்தார். இரண்டு பக்கமும் உள்ளிருந்த இரும்புச் சட்டம் தெரிந்ததும், சட்டங்களுக்கு நடுவே கனமான பிளைவுட்டை முடுக்கினார். மேலே புது போர்டுத் துண்டு, சந்துக்கு டேப், பிறகு பட்டிப் பூச்சு. பட்டி காய்ந்ததும் மறுநாள் வந்து தேய்த்து, பிளைவுட்டில் இறங்கும்படி நீளமான ஸ்க்ரூ போட்டுக் கைப்பிடியை மாட்டினார். தானே தொங்கியும் காட்டினார்.

இவர் நம்பவில்லை. பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். நான் கை கொடுக்கப் போனேன்.

"தள்ளு."

எழுந்துவிட்டார். தடுப்பு அசையவில்லை. கைத்தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து பாத்ரூமுக்குப் போனார். வழக்கம்போல நானும் பின்னாலேயே போனேன். கதவு என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"ஏங்க, தாழ்ப்பா போடாதீங்க!" என்று கத்தினேன்.

"போட்டா இன்னா?"

கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றேன். கண்ணீர் நிற்கவில்லை.

"ஒண்ணுமில்ல. போட்டுக்கோங்க," என்றேன்.