கரும்பலகையில் ஒரு கோணல் ‘வா’

ஓவிய டீச்சருக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் ஏறினால் ஜன்னல் கண்ணாடியில் ‘அ’ போடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு விளிம்பில் விரலால் ‘ழ’ வளைப்பாள். வீட்டு டப்பாக்களில் ‘உப்பு’, ‘சர்க்கரை’ எல்லாம் அச்சடித்தது போல் இருக்கும். “உள்ள ஒண்ணுமில்ல, எழுத்து மட்டும் ஜோரா இருக்கு” என்று கணவர் சீண்டுவார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல கையெழுத்து வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை. போன இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். தட்டினால் எழுத்து வந்து விழும் காலத்தில் இது எதற்கு என்று சிரித்தவர்களும் உண்டு. மிச்சமிருந்தது இந்த ஒரு பள்ளிதான். அவளுடைய மாதிரித் தாள்களைப் பார்த்த தலைமையாசிரியை, நிர்வாகிகளிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி, அவளைத் தன் அறையில் உட்காரவைத்துவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மேசையைத் தட்டினாள். தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கரும்பலகை. அதில் ‘சீக்கிரம் வீட்டுக்கு வா’ என்று யாரோ கோணல்மாணலாக எழுதியிருந்தார்கள். வரி பாதியிலேயே கீழே சரிந்தது. ‘வா’வுக்கு வயிறு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஏதோ வாண்டு வேலை என்று நினைத்தாள். கையெழுத்து வகுப்புக்கு அனுமதி கேட்டு வந்த அறையிலா இப்படி ஒரு கிறுக்கல்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

‘வா’வை மட்டும்தான் சரிசெய்ய நினைத்தாள், சத்தியமாக. கைக்குட்டையால் துடைத்து எழுதியதும் பக்கத்திலிருந்த ‘கு’ பல்லிளித்தது. அதையும் மாற்றினாள். அப்புறம் ‘டு’. ஒன்றைத் தொட்டு ஒன்று என்று முழு வரியும் புதிதாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மனம் கொஞ்சம் அடங்கியது.

கதவு திறந்தது. “சம்மதிச்சுட்டாங்க. வர்ற வாரமே ஆரம்பிச்சு...” என்று வந்த தலைமையாசிரியை பாதியில் நிறுத்தினார். பலகையைப் பார்த்தார். அவள் கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்தார்.

“அது எங்க வீட்டுக்காரர் எழுதினது” என்றார் மெதுவாக. “வலது கை விழுந்ததுக்கு அப்புறம், இடது கையால. என்னைக் கூட்டிட்டுப் போக வந்தவர், நான் மீட்டிங்ல இருந்ததால இதை எழுதி வெச்சுட்டுப் போனார். அடுத்த வாரம் அவர் இல்ல.”

டீச்சர் பலகையை விட்டு இரண்டடி பின்வாங்கினாள். நாக்குழற மன்னிப்புக் கேட்டாள். தலைமையாசிரியை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

“உங்களுக்குத்தான் எல்லா எழுத்தும் வருமே. முன்னாடி இருந்த மாதிரியே எழுதிக் குடுங்க.”

எழுதினாள். ‘வா’ வட்டம் பிசகாமல் வந்து நின்றது. அழித்தாள். கண்ணை மூடிக்கொண்டு எழுதினாள். அப்போதும் பாழாய்ப்போன அழகு போகவில்லை. கடைசியில் சாக்பீஸை இடது கைக்கு மாற்றினாள். விரல் நடுங்கியது, கோடு இழுத்துக்கொண்டு போனது, ‘வா’ ஒருவழியாகக் கோணலாக வந்தது. நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தாள்.

தலைமையாசிரியை பலகைக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்று பார்த்தார்.

“இது நீங்க எழுதினது” என்றார்.