சோபனாவின் பெயர் பதித்த பெட்டி

துவாரகன் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்தான். அவனுடைய மேலாளர் விலைகூடிய சுருட்டுகளில் பிரியம் உள்ளவர். அவற்றைப் பதம் கெடாமல் வைக்க ஒரு மரப்பெட்டி இல்லையே என்று அடிக்கடி குறைப்படுவார். அவருடைய பிறந்தநாளுக்கு அப்படியொன்றைக் கையால் செய்வித்துக் கொடுத்தால் பதவி உயர்வு நேரம் தன் முகம் அவர் நினைவுக்கு வரும் என்று துவாரகன் எண்ணினான்.

ஆணியே இல்லாமல் பெட்டி பொருத்தக்கூடியவர் தச்சுவேலை செய்யும் ஓடாவி ஸெய்னுதீன். ஆனால் அவருடைய தம்பி தொண்டைப் புற்றுநோயில் இறந்தவர். பட்டறையில் யாராவது சிகரெட் பற்றவைத்தாலே எழுப்பி அனுப்பிவிடுவார். அது தெரிந்துதான் துவாரகன் பொய் சொன்னான்.

“நகை வைக்க, நானா. என்ர மனிசிக்கு” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

“நகைக்கு ஏன் தம்பி காத்துப் போகாத மூடி?”

“கடல்காத்தில வெள்ளி கறுக்குது.”

ஸெய்னுதீன் நம்பினார். “மனிசிட பேர் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

ஆறு வாரம் கழித்துப் போனபோது முதிரை மரப்பெட்டி தேன் நிறத்தில் மின்னியது. மூடியைக் கைவிட்டால் அது காற்றை அமுக்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. உட்பக்கத்தில் கருமரத்தில் வெட்டிப் பதித்திருந்தார்: சோபனா.

“நீங்க கேக்கேல்ல. என்ர விருப்பத்துக்குச் செய்தன்.”

மனைவியின் பெயரோடு துவாரகனால் அதை மேலாளருக்குக் கொடுக்க முடியாது. பெட்டியை வீட்டுக்குத்தான் கொண்டுபோனான். சோபனா குசினியில் சமையலை விட்டுக் கையைத் துடைத்தபடி வந்து அந்த எழுத்துகளைத் தடவினாள்.

“பதினொரு வருசத்தில எனக்கெண்டு செய்விச்ச முதல் சாமான்” என்று அழுதாள்.

அந்த அழுகைதான் அவனைத் தின்றது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் சொன்னான். சோபனா மூடியைச் சாத்தினாள்.

“என்ர கதையை விடுங்கோ. அந்த மனிசனிட்டச் சொன்னனீங்களோ?”

மறுநாள் காலை பட்டறையில் நின்று சொன்னான். ஸெய்னுதீன் சீவுளியைக் கீழே வைத்தார்.

“சுருட்டுக்கெண்டு கேட்டிருந்தா ஏலாதெண்டு சொல்லியிருப்பன். அவ்வளவுதானே, தம்பி.”

“ஓம், நானா.”

“அந்தப் பிள்ளை சோபனாவுக்குத் தெரியுமா?”

“நேற்றுச் சொன்னனான்.”

“பேரை எடுக்கிறதெண்டாக் கொண்டு வாங்க. சீவித் தாறன்.”

“வேண்டாம் நானா.”

அவர் மறுபடி பலகையைச் சீவத் தொடங்கினார். இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. மரச்சீவல் காலில் படியப் படியத் துவாரகன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தான்.

மேலாளரின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வாங்கிக்கொண்டு போனான்.