சின்னப்பனுக்கு ஒரு மஞ்சள் அட்டை

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் என்னை அகராதி என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அதற்கு எந்தெந்த மொழியில் அண்ணன் தம்பி இருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வேன், அதனால் அந்தப் பட்டம். எனக்குக் கொஞ்சம் அகராதி பிடித்த குணம், அதனாலும்தான் என்பார்கள். இரண்டையும் நான் மறுத்ததில்லை.

போன மாதம் ஒரு தையல்காரர் தன் தாத்தாவின் பதிவைத் தேடி வந்தார். இவான் என்ற இழுப்பறையைக் குடைந்துவிட்டு, இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார்.

"இவான்ல இல்லன்னா யோவான்ல பாருங்க. அங்கயும் இல்லன்னா ஜுவான், ஹான்ஸ், ஷான், யஹ்யா. ஆளு ஒண்ணுதான், சட்டைதான் வேற," என்றேன்.

ஹான்ஸில் கிடைத்தது. அவர் என்னைக் கும்பிடாத குறை.

இது என் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, எங்கள் அலுவலக ஏற்பாடு அப்படி. அநேகமாக ஒவ்வொரு பெயர் இழுப்பறையிலும் முதலில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கும். அந்தப் பெயர் மற்ற மொழிகளில் எப்படி வழங்குகிறது, எங்கிருந்து வந்தது, பொருள் என்ன என்று அதில் எழுதியிருக்கும். முக்கால்வாசி அட்டைகளில் இருப்பது என் கையெழுத்து. யாராவது பெயரை மாற்றிக்கொண்டாலும் அட்டையைத்தான் பார்ப்போம். புதிய பெயர் பழையதற்கு உறவு என்றால், பதிவேட்டின் ஓரத்தில் நீல மையில் "மறுவடிவம்" என்று எழுதுவோம், பழைய பெயர் அப்படியே இருக்கும். உறவில்லாத பெயர் என்றால் ஸ்கேல் வைத்துப் பழைய பெயரைச் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். பிறகு கவுன்டரில் நின்று புதிய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டுச் சான்றிதழைக் கொடுப்போம்.

விண்ணப்பத்தில் பழைய பெயர், புதிய பெயர், தேதி, மூன்றைத்தான் நான் பார்ப்பேன். "காரணம்" என்ற கட்டத்தைப் படிக்கிற வழக்கம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் படித்தேன். பாதி பொய், பாதி புலம்பல். நமக்கு எதற்கு ஊர் வம்பு என்று விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்ட என் மேசைக்குத்தான் பதினோரு நாள் முன்பு அந்த விண்ணப்பம் வந்தது. பழைய பெயர் சின்னப்பன். புதிய பெயர் பாப்லோ. விண்ணப்பித்தவன் என் மகன்.

சின்னப்பன் என்பது என் அண்ணன் பெயர். அப்பா போனபோது அவனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. படிப்பை நிறுத்திவிட்டு மரவாடியில் பலகை சுமக்கப் போனான். நான் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி அவன் தோளில் ஏறி வந்தது. என் மனைவி கர்ப்பமாக இருந்தபோது திடீரென்று இறந்துவிட்டான். பிள்ளை பிறந்ததும் நானே பதிவேட்டை எடுத்து, என் கையாலேயே சின்னப்பன் என்று எழுதினேன். எழுதும்போது அழுதேன். அந்தப் பக்கத்தின் மூலையில் மை கொஞ்சம் கலைந்திருக்கும்.

பையனுக்கு அந்தப் பெயரால் பள்ளிக்கூடத்தில் படாத பாடு. "பெரியப்பா பேரு சின்னப்பனா? அப்போ சின்னப்பா பேரு பெரியப்பனா?" என்று வகுப்பே சிரிக்குமாம். வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். நான் அவனுக்கு அண்ணன் கதையைச் சொல்வேன். கேட்டுக்கொண்டு இருப்பான். அப்புறம் அவனும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

இப்போது அவன் குளிர்சாதன மெக்கானிக். வேறு நகரத்தில் வேலை, கூட இருப்பவர்கள் எல்லாம் வேறு மொழிக்காரர்கள். இரண்டு மாதத்துக்கு முன் போன் செய்தான்.

"அப்பா, மெக்கானிக் லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி பேரைப் பதிவுல மாத்திடலாம்னு இருக்கேன். பாப்லோன்னு."

"என்னது?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. அப்பா, உங்களுக்குத் தெரியாததா..."

"எனக்கு எல்லாம் தெரியும்டா! எங்கண்ணனைத் தலைமுழுகிட்டு எவன் பேரையோ ஒட்டிக்கப் பாக்கறே. வை போனை."

நானே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் அம்மாவிடம் மட்டும் பேசுவான்.

விண்ணப்பம் வந்த அன்றே முடித்திருக்க வேண்டும். ஆனால் முடிப்பது என்றால் சிவப்பு மை. என் கையால் எழுதிய என் அண்ணன் பெயரை என் கையாலேயே அடிக்க வேண்டும். தாளைக் குப்புறக் கவிழ்த்து, மேலே பேப்பர் வெயிட்டைத் தூக்கி வைத்தேன். பதினோரு நாள் அப்படியே கிடந்தது.

இன்று காலை சாப்பிடும்போது மனைவி தட்டை டங்கென்று வைத்தாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு லைசென்ஸ் ஆபீஸ்ல கடைசி நேரம். பேர் மாத்தின தாள் இல்லன்னா அவனுக்குக் கார்டு கிடையாது. திங்கக்கிழமை வேலையும் கிடையாது. பையன் ரெண்டு மணிக்கு உங்க ஆபீசுக்கே வர்றான். ஒரு பேருக்காகப் பெத்த பிள்ளை வயித்துல அடிப்பீங்களா?"

"பேரா? அது எங்கண்ணன்டி."

"உங்கண்ணன் இருந்திருந்தா இந்நேரம் உங்களைத்தான் வெளுத்திருப்பார்," என்றாள். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினேன்.

இரண்டு மணிக்குக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். நீலச் சட்டை, மடியில் கருவிப் பை. என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். நான் போய்ப் பேசவில்லை. மூன்று மணி வரை வேறு ஏதேதோ தாள்களைப் புரட்டினேன். அப்புறம் பதிவேட்டைத் திறந்து, ஸ்கேலை வைத்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

எதிர் மேசை பசையக்கா நிமிர்ந்து பார்த்தாள். கிழிந்த பக்கங்களை ஒட்டுவது அவள் வேலை, கூடவே ப வரிசை இழுப்பறைகளும் அவளுடையவை, ச வரிசை என்னுடையது. பதினெட்டு வருடமாக எனக்கு எதிரில் உட்கார்ந்து என் கோபத்தைப் பார்த்து அலுத்துப்போனவள்.

"என்ன அகராதி, மூடியைக் கழட்டிட்டு எழுதாம உக்காந்திருக்கே?"

"ஒண்ணுமில்ல."

எழுந்து வந்து விண்ணப்பத்தைத் திருப்பிப் படித்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்குச் சிவப்பு?"

"வேற பேருக்கு வேற என்ன மை போடுவாங்க?"

"எது வேற பேரு? சின்னப்பனுக்கு உன் அட்டை என்ன சொல்லுது?"

"அதுக்கு அட்டையே கிடையாது. அது எங்க வீட்டுப் பேரு. அதுக்கு எங்கயும் சொந்தம் கிடையாது."

"அட கடவுளே," என்று தலையில் அடித்துக்கொண்டு போனவள், தன் இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பாப்லோ, பாவெல், பாவ்லோ, பூலுஸ், பால், பவுல் என்று வரிசையாக எழுதியிருந்தது. கீழே, மூலம் பழைய லத்தீன், பொருள் 'சின்னவன்' என்று இருந்தது. எல்லாம் என் கையெழுத்து.

"எங்க பழைய ஜெபப் புத்தகத்துல பவுலைச் சின்னப்பர்னுதான்யா போட்டிருக்கும். அந்தக் காலத்துல அர்த்தம் பாத்துத் தமிழ்ல வச்ச பேரு. நீ மாதா கோயில் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டே, உனக்கு எப்படித் தெரியும்? உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் வச்சிருக்காங்க."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழெட்டு மொழியில் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து எழுதியவன் நான். என் வீட்டுக்குள் அது படுத்து எழுந்தது எனக்குத் தெரியவில்லை.

"உன் பையனுக்குத் தெரிஞ்சிருக்கே. காரணத்துல எழுதியிருக்கானே, படிக்கலயா?"

"நான் அதைப் படிக்கிறதில்லக்கா."

"இன்னிக்குப் படி," என்று தாளை என் கையில் திணித்தாள்.

சின்னக் கட்டம். நெருக்கி நெருக்கி எழுதியிருந்தான்.

"இரண்டும் ஒரே பெயர். பெரியப்பாவின் பெயரை விட எனக்கு மனமில்லை. என்னோடு வேலை செய்பவர்களின் வாயில் நுழையும் வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். பழைய பெயரை அடிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உங்கள் ச வரிசை எழுத்தரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத பெயர் கிடையாது."

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை. பசையக்கா சிவப்புப் பேனாவை எடுத்து மூடி, நீலப் பேனாவைக் கொடுத்தாள்.

ஓரத்தில் "மறுவடிவம்: பாப்லோ" என்று எழுதினேன். சின்னப்பன் பக்கத்தில் அது ஒட்டி உட்கார்ந்துகொண்டது. புதிதாக ஒரு மஞ்சள் அட்டை எடுத்து, முப்பது வருடமாக இல்லாததை எழுதிச் சின்னப்பன் இழுப்பறையில் வைத்தேன். மணி மூன்று இருபது. லைசென்ஸ் அலுவலகம் எதிர்த் தெருவில்தான்.

சான்றிதழோடு கவுன்டருக்குப் போய் நின்றேன். கூப்பிட வேண்டும்.

"பாப்லோ!"

எழுந்து வந்தான். சான்றிதழை வாங்கி, பழைய பெயர் அடிபடாமல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தான். அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"பதினோரு நாள் ஏம்பா வச்சிருந்தீங்க?"

"இன்னிக்குத்தான்டா தெரிஞ்சுது. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவன் நம்பாமல் என் முகத்தையே பார்த்தான். அகராதிக்குத் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க தெரிஞ்சேதான் என்னை வேண்டாம்னுட்டீங்கன்னு நினைச்சேன்பா. பெரியப்பா பேரை வச்சுக்க எனக்குத் தகுதி இல்லன்னு நினைக்கிறீங்கன்னு."

கவுன்டர்க் கம்பிக்கு நடுவில் கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"மணியாச்சு, ஓடு. கார்டை வாங்கிட்டு நேரா வீட்டுக்கு வா. அம்மா சமைச்சு வச்சிருப்பா."

"நீங்க?"

"அஞ்சு மணிக்கு வந்துடுவேன்," என்றேன். அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். ஒரு பக்கம் தோளைச் சாய்த்து ஓடினான், பலகை சுமந்த என் அண்ணன் மாதிரியே.